திருவருகைக் காலம் ஏன் உலக முடிவில் தொடங்குகிறது?

நவம்பர் இறுதி வந்துவிட்டால் பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர், தொண்டி என ராமநாதபுரக் கரையோரத்துக் கத்தோலிக்க ஊர்களில் சில கேள்விகள் தவறாமல் எழுகின்றன. கடைத்தெருவில் நட்சத்திர விளக்குகள் தொங்கத் தொடங்கியிருக்கும். கோவிலிலோ குருவானவர் ஊதா உடுப்பில் வந்து நிற்பார். ஞாயிற்றுப் பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடல் பாடப்படுவதில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் கல்யாணத்துக்கு நாள் கேட்டுப் போனால் பங்குத்தந்தை தயங்குகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, பாலன் பிறப்பைப் பற்றிய வாசகத்தை எதிர்பார்த்துப் போய் உட்கார்ந்தவர்கள் காதில், கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அன்றே, உலக முடிவைப் பற்றிய நற்செய்தி விழுகிறது. போதாக்குறைக்கு, ‘டிசம்பர் 25 விவிலியத்திலேயே இல்லை’ என்ற செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது.

இவை தனித்தனிக் கேள்விகள்போலத் தோன்றினாலும் இவற்றின் வேர் ஒன்றுதான். திருவருகைக் காலத்தை டிசம்பர் 25க்கு நாள் எண்ணும் காலமாக மட்டும் நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். திருச்சபை அதை அப்படி மட்டும் வகுக்கவில்லை.

சொல்லும் நாள்கணக்கும்

‘திருவருகை’ என்பது ‘அத்வேந்துஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு நேரான தமிழ். பழைய தமிழ்ப் பூசைப் புத்தகங்களில் இதே காலத்துக்கு ‘ஆகமன காலம்’ என்று பெயர். உரோமைப் பேரரசில், மன்னரோ பேரரசரோ ஒரு நகருக்கு முறைப்படி எழுந்தருளும் நிகழ்ச்சியைக் குறிக்க இச்சொல் வழங்கியது; ‘பரூசியா’ என்ற கிரேக்கச் சொல்லும் அவ்வாறே. ஆகவே சொல்லின் உள்ளேயே ஓர் அரசரின் வருகை இருக்கிறது, தொட்டில் குழந்தை மட்டும் அன்று. கிறிஸ்மஸ் என்ற பெயரின் கதை வேறு. கடலுக்கு அக்கரையில், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும், அந்த விழாவை ‘நத்தார்’ என்பார்கள். பிறப்பு என்று பொருள்படும் ‘நதால்’ என்ற போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு அது. ஒரு பெயர் வருகையையும் மற்றது பிறப்பையும் சொல்வதைக் கவனித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நாள்கணக்கு எளிது. டிசம்பர் 25க்கு முன்னால் வரும் 4 ஞாயிறுகளைப் பின்னோக்கி எண்ண வேண்டும். முதலாவது ஞாயிறு நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரையுள்ள ஏதேனும் ஒரு நாளில் விழும். 2022இல் கிறிஸ்மஸே ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் திருவருகைக் காலம் 28 நாள் நீண்டது. 2023இல் டிசம்பர் 24 ஞாயிறாக இருந்ததால் 22 நாளில் முடிந்துவிட்டது. சட்டப்படி, நவம்பர் 30க்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் தொடக்கம். நவம்பர் 30 திருத்தூதர் அந்திரேயாவின் விழா. நம் முன்னோர் பெலவேந்திரர் என்று அழைத்த அவர் வலை வீசிப் பிழைத்தவர். கத்தோலிக்க ஆண்டின் முதல் நாளைக் கணிக்க ஒரு மீனவரின் விழாவை அளவுகோலாகக் கொள்கிறார்கள் என்பது கடற்கரைக்காரர்கள் அதிகம் சொல்லிக்கொள்ளாத பெருமை.

ஆம், ஆண்டின் முதல் நாள். திருவழிபாட்டு ஆண்டு சனவரியில் பிறப்பதில்லை. கிறிஸ்து அரசர் பெருவிழாவோடு பழைய ஆண்டின் இறுதி வாரம் தொடங்க, அடுத்த ஞாயிறு புதிய ஆண்டு பிறக்கிறது.

எந்த வருகைக்குக் காத்திருக்கிறோம்?

இயேசு ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டார். பிறந்துவிட்ட குழந்தைக்காக ஒவ்வோர் ஆண்டும் 4 வாரம் காத்திருப்பதுபோல் பாவனை செய்வது பெரியவர்களுக்கு அழகா என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. திருச்சபை அப்படிப் பாவனை செய்யச் சொல்லவில்லை என்பதே அதற்கு விடை. 1969இல் வெளியான திருவழிபாட்டு ஆண்டுக்கான பொது விதிகள் இந்தக் காலத்துக்கு இரண்டு தன்மைகளை வகுக்கின்றன. அவற்றோடு 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து எடுத்துரைத்த ஒன்றையும் சேர்த்தால் மூன்று வருகைகள் ஆகின்றன.

1. நடந்து முடிந்த வருகை. பெத்லகேமில், மனித உடலில், வலுவின்மையில் நிகழ்ந்தது. இதை நாம் நினைவுகூர்கிறோம்; இதற்காகக் காத்திருப்பதில்லை.

2. இனி நிகழவிருக்கும் வருகை. காலத்தின் நிறைவில், மாட்சியோடு, வாழ்வோருக்கும் இறந்தோருக்கும் நடுவராக அவர் வருவார் என்பது விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் நாம் சொல்வது. உண்மையில் காத்திருப்பது இதற்குத்தான்.

3. இடைப்பட்ட வருகை. முன்னதற்கும் பின்னதற்கும் நடுவே, ஒவ்வொரு நாளும், கண்ணுக்குப் புலப்படாமல் உள்ளத்துக்குள் நிகழ்வது என்று பெர்நார்து இதை விளக்குகிறார். முதல் வருகையிலிருந்து கடைசி வருகைக்குப் போகும் வழி என்றும் அவர் இதைச் சொல்கிறார். திருவிருந்தும் ஒப்புரவு அருட்சாதனமும் இறைவார்த்தையும் ஏழை எளியவரும் இந்த வருகையின் வாயில்கள்.

இந்த வரிசையில் இரண்டாவதை எடுத்துவிட்டால் திருவருகைக் காலம் வெறும் ஒத்திகையாகிவிடும். இன்று பெரும்பாலும் எடுபட்டுப்போயிருப்பதும் அதுதான் என்பது என் கணிப்பு. குடில் கட்டவும் வீடுவீடாகப் பஜனை போகவும் பலகாரம் சுடவும் நேரம் ஒதுக்கும் நாம், ‘ஆண்டவரே வாரும்’ என்று உண்மையாகவே கேட்கத் தயங்குகிறோம். ‘மாரனாத்தா’ என்ற அரமேயச் சொல்லாக அந்த மன்றாட்டைப் பவுல் தம் கடிதத்தில் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். விவிலியத்தின் கடைசிப் பக்கத்திலும் அதே மன்றாட்டுதான் இருக்கிறது.

காத்திருத்தல் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருத்தல் என்ற எண்ணமும் தவறு. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட நாளை நினைத்துப் பார்க்கலாம். கூண்டைப் பார்த்தவர்கள், புயல் எத்தனை மணிக்குக் கரை தொடும் என்று வாதம் செய்துகொண்டிருப்பதில்லை. வல்லத்தை மேட்டுக்கு இழுத்துக் கட்டுகிறார்கள், வலையை வாரிச் சுருட்டுகிறார்கள், கடலுக்குப் போனவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். மாற்கு நற்செய்தியில் இயேசு சொல்லும் வீட்டுத்தலைவர் உவமையும் இதே போக்கில் அமைந்தது: தலைவர் மாலையிலோ நள்ளிரவிலோ சேவல் கூவும் வேளையிலோ காலையிலோ வரலாம். இரவைச் சாமம் சாமமாகப் பிரித்துக் கடலில் விழித்திருப்பவர்களுக்கு இந்த 4 பெயர்களும் புதியவை அல்ல. இலங்கைக் கடற்படையினரால் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் வீட்டில், எந்த வாய்தாவில் விடுதலை வரும் என்று தெரியாமல் அடுப்பை மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கைபேசியைக் கையெட்டும் தூரத்திலேயே வைத்திருக்கும் பெண்களிடம் ‘விழிப்பாயிருங்கள்’ என்பதற்கு அகராதிப் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

முதல் ஞாயிறும் 1964ஆம் ஆண்டும்

இப்போதைய முறைப்படி ஞாயிறு வாசகங்கள் 3 ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அன்று மத்தேயுவில் நோவா காலத்து வெள்ளமும், மாற்கில் இரவுக் காவலும், லூக்காவில் கதிரவனிலும் நிலவிலும் விண்மீன்களிலும் தோன்றும் அடையாளங்களும் பேசப்படுகின்றன. லூக்காவின் அந்தப் பகுதி, கடலும் அலைகளும் எழுப்பும் முழக்கத்தால் மக்களினங்கள் கலங்குவதைச் சொல்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த திருத்தத்துக்கு முன், பழைய உரோமைத் திருப்பலி நூலில், ஆண்டுதோறும் முதல் ஞாயிறுக்குரிய நற்செய்தி இந்த லூக்கா பகுதியே.

1964இல் அந்த ஞாயிறு நவம்பர் 29 அன்று வந்தது. கடலின் முழக்கத்தைப் பற்றிய நற்செய்தி, முறைப்படி, அன்று தனுஷ்கோடிக்கும் உரியது. அந்தத் திருவருகைக் காலத்தில் இந்தியத் திருச்சபைக்கு வேறொரு பரபரப்பும் இருந்தது. டிசம்பர் 2 முதல் 5 வரை திருத்தந்தை 6ஆம் பவுல் நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய் வந்திருந்தார். டிசம்பர் 20 நான்காம் ஞாயிறு. டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் புயலும் கடலும் சேர்ந்து தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டன. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில், உள்ளிருந்தவர்களோடு மூழ்கியது. கிறிஸ்மஸுக்கு இன்னும் 2 நாளே இருந்த நேரம். கூரையில்லாமல், பவளக்கல் சுவர்கள் மட்டும் எஞ்சி நிற்கும் கோவிலின் முன் நின்று இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதை இங்கே சொல்வது நற்செய்தியை வானிலை அறிக்கையாக்குவதற்கு அன்று. புயலையும் நிலநடுக்கத்தையும் காட்டி ‘முடிவு வந்துவிட்டது’ என்று நாள் குறிப்பவர்களுக்குத் திருச்சபை இடம் தருவதில்லை; அந்த நாளையும் வேளையையும் தந்தையைத் தவிர ஒருவரும் அறியார் என்பது இயேசுவின் சொல்லாகவே நற்செய்தியில் இருக்கிறது. கவனிக்க வேண்டியது கடலின் முழக்கத்தைச் சொல்லும் அந்த லூக்கா பகுதியின் அடுத்த அடி. மற்றவர்கள் அச்சத்தால் மயங்கி விழும்போது நீங்கள் தலை நிமிர்ந்து நில்லுங்கள், உங்கள் மீட்பு நெருங்கிவிட்டது என்று அது சொல்கிறது. அழிவைச் சொல்லி மிரட்டுவது அதன் நோக்கமாக இருந்தால் இந்த அடிக்கு அங்கே வேலை இல்லை. எவ்வளவு பெரிய அழிவுக்கும் கடைசிச் சொல்லைச் சொல்லும் உரிமை இல்லை, அந்த உரிமை வரவிருப்பவருக்கே உரியது என்பதுதான் முதல் ஞாயிறு கற்பிப்பது. கடலை ஓவியமாகப் பார்க்கும் ஊரில் இது உவமையாக நின்றுவிடலாம். ஓர் ஊரையே கடலுக்குக் கொடுத்த கரையில் இது நேரடியான பேச்சு.

இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகள் திருமுழுக்கு யோவானுக்கு உரியவை. பாதையைச் செம்மையாக்கச் சொல்லும் குரல் அவருடையது. பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளும் வாரங்களும் இவையே. பிறப்பின் வாசல் திறப்பது நான்காம் ஞாயிறு அன்றுதான்: ஒரு சுழற்சியில் சூசையப்பரின் கனவு, ஒன்றில் மரியாவுக்கு வானதூதர் சொன்ன மங்கள வார்த்தை, ஒன்றில் எலிசபெத்தைச் சந்திக்கும் காட்சி.

டிசம்பர் 17: திரும்பும் முனை

திருவருகைக் காலத்துக்குள் ஒரு மடிப்பு இருக்கிறது. டிசம்பர் 16 வரை பார்வை இறுதி வருகையின் மீது. 17 முதல் 24 வரை அது பெத்லகேமை நோக்கித் திரும்புகிறது. வார நாள் வாசகங்களும் 17ஆம் நாள் மத்தேயுவின் தலைமுறைப் பட்டியலோடு இயேசுவின் பிறப்புக்கு முந்திய நிகழ்ச்சிகளுக்கு நகர்கின்றன. மார்கழி பிறப்பதும் டிசம்பர் 16 அல்லது 17இல்தான். இரண்டுக்கும் கோட்பாட்டுத் தொடர்பு ஏதும் இல்லை. ஆனாலும் விடியுமுன் எழுந்து, பனியில் நின்று, பாட்டால் துயிலெழுப்பும் மாதத்தில் வளர்ந்த தமிழ்க் காதுக்கு இந்த 8 நாள்களின் தொனி எளிதில் பிடிபடும்.

17 முதல் 23 வரை, திருச்சபையின் மாலை மன்றாட்டான மாலைப் புகழ்மாலையில் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் ஒரு சிறு விளிப்பாடல் வருகிறது. ஒவ்வொன்றும் ‘ஓ’ என்று தொடங்கி, பழைய ஏற்பாட்டிலிருந்து எடுத்த ஒரு பெயரால் கிறிஸ்துவை அழைத்து, ‘வாரும்’ என்று மன்றாடுகிறது. ஞானமே, அதோனாயே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயக் கதிரே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. லத்தீனில் இந்த 7 பெயர்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து முன்னோக்கிக் கூட்டினால் ‘ஏரோ க்ராஸ்’ என்று வரும். ‘நாளை வந்திருப்பேன்’ என்பது அதன் பொருள். 7 நாள் அழைத்தவர்களுக்கு, அழைப்பின் எழுத்துகளுக்குள்ளேயே விடை ஒளிந்திருக்கிறது.

உதயக் கதிரே என்று அழைக்கும் நாள் டிசம்பர் 21, ஆண்டின் மிக நீண்ட இரவை ஒட்டிய நாள். தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனையில் நின்று விடியலைப் பார்த்தவர்கள், கடலுக்கு மேல் முதல் கீற்று வருவதற்கு முந்திய இருட்டையும் பார்த்திருப்பார்கள். மறுநாள், 22ஆம் தேதி மாலை, மண்ணிலிருந்து நீர் உருவாக்கிய மனிதரை மீட்க வாரும் என்று மக்களினங்களின் அரசரிடம் மன்றாடுகிறார்கள். 1964இல் தனுஷ்கோடியின் கடைசி மாலைக்கு உரிய மன்றாட்டும் அதுவே.

கோவிலில் காணும் மாற்றங்கள்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்.

1. ஊதா நிறம். தயாரிப்பின் நிறம். தவக்காலத்திலும் இதே நிறம் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. தவக்காலத்தில் ‘அல்லேலூயா’ நிறுத்தப்படும். திருவருகைக் காலத்தில் அது தொடர்ந்து பாடப்படும். பக்தியும் மகிழ்ச்சியும் கலந்த எதிர்பார்ப்பின் காலம் என்றே விதிகள் இதைச் சொல்கின்றன. மூன்றாம் ஞாயிறு அன்று ரோஜா நிறம் அணியலாம். அது மகிழ்ச்சி ஞாயிறு.

2. ‘உன்னதங்களிலே’ பாடாதது. அந்தப் பாடலின் முதல் அடி பெத்லகேம் வயல்வெளியில் வானதூதர்கள் பாடியது. கிறிஸ்மஸ் இரவில் அது புதிதாக ஒலிப்பதற்காக இந்த ஞாயிறுகளில் ஒதுக்கி வைக்கப்படுகிறது. டிசம்பர் 8 அமல உற்பவம் போன்ற பெருவிழாக்களில் பாடலாம்.

3. மெழுகுதிரி வளையம். இது கத்தோலிக்கரின் பழைய வழக்கம் அன்று. 1839இல் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய விஹெர்ன் என்ற லூத்தரன் போதகர், ‘கிறிஸ்மஸ் எப்போது வரும்’ என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை நிறுத்தியதில் தொடங்கியது. அங்கே ஊசியிலைக் கிளை; நம் கரையில் சவுக்குக் கிளை அதே வேலையைச் செய்யும்.

4. திருமணம். 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, திருவருகைக் காலத்தில் ஆடம்பரத் திருமண ஆசியைத் தடை செய்திருந்தது. இப்போதைய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. ஆயினும் இக்காலத்தின் ஞாயிறுகளில் திருமணத்துக்குரிய தனித் திருப்பலி நிறைவேற்ற முடியாது. மற்ற நாள்களிலும் காலத்தின் தன்மைக்கேற்ற அடக்கம் எதிர்பார்க்கப்படுகிறது. பங்குத்தந்தையின் தயக்கத்துக்குப் பின்னால் இருப்பது இவ்வளவே.

டிசம்பர் 25 எங்கிருந்து வந்தது?

கைபேசியில் வரும் செய்தி பாதி உண்மை. இயேசு பிறந்த நாள் எது என்று நற்செய்திகள் சொல்லவில்லை. டிசம்பர் 25தான் அந்த நாள் என்று நம்ப வேண்டும் எனத் திருச்சபையும் கட்டளையிடவில்லை. கி.பி. 336ஆம் ஆண்டளவில் உரோமையில் இந்த நாளில் விழா கொண்டாடப்பட்டதற்கான குறிப்பு, 354ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு நாள்காட்டித் தொகுப்பில் கிடைக்கிறது. இந்த நாளைத் தேர்ந்ததற்கு அறிஞர்கள் 2 விளக்கங்கள் தருகிறார்கள்: பகல் மீண்டும் நீளத் தொடங்கும் நாள்களில் நடந்த உரோமைக் கதிரவன் வழிபாட்டுக்கு மாற்றாக, உண்மையான கதிரவன் கிறிஸ்துவே என்று அறிக்கையிட்டது ஒன்று; மரியா கருவுற்ற நாளாகக் கருதப்பட்ட மார்ச் 25இலிருந்து 9 மாதம் எண்ணியது மற்றொன்று. எது சரியாயினும் விழாவின் பொருள் மாறாது. கொண்டாடப்படுவது ஒரு தேதி அன்று.

‘மனிதர் ஆனார்’

கிறிஸ்மஸுக்கு 4 திருப்பலிகள் உண்டு: முந்திய மாலை, இரவு, விடியல், பகல். நடுச்சாமப் பூசைக்குப் பிறகு தூங்கி எழுந்து பலகாரத்தட்டோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும் நம்மில் பலர், பகல் திருப்பலியின் நற்செய்தியைக் கேட்டிருக்கவே மாட்டோம். அதில் குடிலோ இடையரோ இல்லை. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார் என்பது அதன் உச்சி. ‘குடிகொண்டார்’ என்று தமிழில் வரும் இடத்தில் கிரேக்க மூலத்தின் சொல், கூடாரம் அடித்துத் தங்குவதைக் குறிப்பது. பருவத்துக்குப் பருவம் மீன்பாட்டைத் தேடிப் போய், மணலில் கம்பு ஊன்றி, ஓலை வேய்ந்து, வாடி போட்டுத் தங்கும் கரைவலைக்காரர்களுக்கு அந்தக் கிரேக்கச் சொல் நம் மொழிபெயர்ப்பைவிடக் கிட்டத்தில் நிற்கும். காற்று பிய்த்தெறியக்கூடிய தங்குமிடம் அது. கடவுள் அப்படியொன்றில் வந்து தங்கினார் என்பதே அங்கே சொல்லப்படுவது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றித் தெளிவு தேவை. பழைய தமிழ்க் கத்தோலிக்க நூல்கள் இந்த மறைபொருளை ‘மனுஷாவதாரம்’ என்றன. இராமநாதசுவாமி கோவில் அமைந்த தீவில், இராமரின் பெயர் தாங்கிய மண்ணில், அவதாரம் என்ற சொல்லை அறியாதவர் இல்லை. சமயம் கடந்து ஒருவருக்கொருவர் விளக்க அது பாலமாகவும் உதவியது. ஆனால் கத்தோலிக்கக் கோட்பாடு இரண்டு இடங்களில் வேறுபடுவதால் இன்று ‘மனித உடலேற்பு’, ‘மனுவுருவாதல்’ என்ற சொற்களே மிகுதியாக ஆளப்படுகின்றன.

முதல் வேறுபாடு, அது ஒரே முறை நிகழ்ந்தது. யுகந்தோறும் திரும்ப நிகழ்வதில்லை. இரண்டாவது, மேற்கொண்ட மனித இயல்பை அவர் பின்னர் களைந்துவிடவில்லை. கடவுள் மனித வேடம் பூண்டார் என்பது தொடக்ககாலத் திருச்சபை மறுத்த கருத்து. 325இல் நீசேயாவில் கூடிய பொதுச்சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டது. 451இல் கால்செதோன் சங்கம், அவர் முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர், ஒரே ஆள் என்று வரையறுத்தது. உயிர்த்தெழுந்து விண்ணேறிய பிறகும் அவர் மனிதராகவே இருக்கிறார்.

கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த கேள்வி இங்கேதான் முடிச்சவிழ்கிறது. தீவனத்தொட்டியில் கிடத்தப்பட்ட அதே இயேசு, அதே மனித உடலோடு, காயங்களின் தழும்போடு வரவிருக்கிறார். நடுவராக வருபவர் யார் என்று தெரியாவிட்டால் இரண்டாம் வருகை திகில் மட்டுமே. அவர் பசித்தவர், தச்சுப்பட்டறையில் வளர்ந்தவர், படகின் பின்னணியத்தில் அயர்ந்து தூங்கியவர் என்று தெரிந்தபின் ‘வாரும்’ என்று அழைக்க நா எழும். அதேபோல, தொட்டிலில் கிடப்பவர் வரலாற்றை முடித்துவைக்கப்போகும் அரசர் என்று தெரியாவிட்டால் குடில் வெறும் பொம்மைக்கொலுவாகிவிடும். ஆண்டின் தொடக்கத்தில் முடிவை வாசிக்கக் காரணம் இதுவே.

இந்த நம்பிக்கையை உடலாலும் சொல்லும் ஒரு சடங்கு உண்டு. விசுவாசப் பிரமாணத்தில் உடலெடுத்தலைச் சொல்லும் அடிகள் வரும்போது மற்ற ஞாயிறுகளில் தலைவணங்குவது முறை. மார்ச் 25 அன்றும் கிறிஸ்மஸ் அன்றும் மட்டும் அந்த அடிகளுக்கு எல்லோரும் முழந்தாளிட வேண்டும். பட்டுப்புடவை கசங்கும், கூட்டத்தில் இடம் போதாது என்று பல கோவில்களில் இது கண்டும் காணாமல் விடப்படுவது வருத்தத்துக்குரியது.

குடில்

1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் சுரூபங்களே இல்லை. வைக்கோல் போட்ட தீவனத்தொட்டி, உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை; அதன் அருகில் திருப்பலி. மாடும் கழுதையும் நற்செய்தியில் இல்லாதவை. தன் உடைமையாளரை மாடு அறியும், தலைவனின் தீவனத்தொட்டியைக் கழுதை அறியும் என்ற எசாயாவின் வரியிலிருந்து வந்தவை. ஆகவே கடற்கரைக் குடிலின் ஓரத்தில் யாராவது ஒரு சிறு வல்லத்தையும் வலைத்துண்டையும் வைத்தால், பெத்லகேமில் ஏது கடல் என்று கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பது நல்லது: 24ஆம் தேதி இரவு வரை தொட்டி வெறுமையாகவே இருக்கட்டும்.

பிறப்புக்குப் பின் வரும் 8 நாள்

ஊர் கிறிஸ்மஸை முடித்துவிடும் நாளில்தான் திருச்சபை அதைத் தொடங்குகிறது. டிசம்பர் 25இல் ஆரம்பிக்கும் கிறிஸ்து பிறப்புக் காலம், திருக்காட்சிப் பெருவிழாவைக் கடந்து, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீளும். நட்சத்திரத்தை 26ஆம் தேதியே கழற்றிவிடுவது, மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கும்போது பந்தலைப் பிரிப்பதற்கு ஒப்பாகும்.

சனவரி 1 வரையிலான முதல் 8 நாளும் ஒரே பெருவிழாவின் நீட்சி. அதற்குள் வரும் விழாக்களைப் பார்த்தால் இனிப்பு குறைவு. 26ஆம் தேதி கல்லெறியுண்டு இறந்த முடியப்பர் (ஸ்தேவான்). 28ஆம் தேதி ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள். பிறந்த வீட்டின் திண்ணையிலேயே சாவு வந்து உட்காருவது பலருக்கு உறுத்தலாக இருக்கும். 1693 பிப்ரவரி 4 அன்று மறைசாட்சி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டுண்ட ஓரியூரின் செம்மண்ணை வீட்டுக்கு எடுத்துப் போகும் மக்களுக்கு இதை விளக்குவது கடினம் அன்று: உடலெடுத்தவருக்குச் சாட்சியும் உடலாலேயே சொல்லப்படுகிறது.

இந்த 8 நாளுக்குள் விழும் ஞாயிறு திருக்குடும்ப விழா. மத்தேயு ஆண்டில் அன்றைய நற்செய்தி, ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்கு ஓடுவது. 2004 டிசம்பர் 26, ஆழிப்பேரலை வந்த ஞாயிறு அன்று, உலகெங்கும் கோவில்களில் வாசிக்கப்பட்டது இதுதான். இலங்கைத் தீவு மறைப்பாக நின்றதால் அன்று ராமநாதபுரக் கரை பெருஞ்சேதத்துக்குத் தப்பியது. ஆனால் தப்பி ஓடுவோரை இக்கரை அதற்கு முன்பே அறியும். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்த குடும்பங்களை மண்டபம் முகாம் ஏற்றுக்கொண்டது. 2022 மார்ச்சில், அங்கே பொருளாதாரம் நொறுங்கியபோது, கைக்குழந்தையோடு வந்தவர்களை அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல்திட்டிலிருந்து கடலோரக் காவல் படையினர் மீட்டு வந்தார்கள். எகிப்துக்கான அந்தப் பயணத்தைப் பற்றி நற்செய்தி சொல்வது மிகக் கொஞ்சம். சூசையப்பர் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட அதில் இல்லை. விடியும் வரை காத்திராமல் எழுந்து, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவிலேயே புறப்பட்டுவிடுகிறார்.